நேற்று வரை ஏற்றிய சரக்கு, இன்று மறுப்பு: கெமிக்கல் டேங்கரில் புதிய விதிகள் கிளப்பும் கோளாறுகளும் தீர்வும்

2021 ஜனவரி 1 அன்று ஐபிசி கோடின், அதாவது ஆபத்தான ரசாயனங்களை மொத்தமாக ஏற்றும் கப்பல்களுக்கான சர்வதேச விதித்தொகுப்பின் 17, 18, 19, 21 ஆகிய அத்தியாயங்கள் புதிய வடிவில் நடைமுறைக்கு வந்தன. அன்று காலை கப்பலில் ஒரு போல்ட்கூட மாறவில்லை. மாறியது சிஓஎஃப், அதாவது எந்தெந்தச் சரக்கை ஏற்றலாம் என்று சொல்லும் தகுதிச் சான்றிதழும் அதன் பின்னிணைப்பும்தான். நூற்றுக்கணக்கான சரக்குகளுக்கு எதிரே இருந்த எழுத்துகள் மாறின. டெக்கில் இன்றுவரை நாம் பார்க்கும் பல "கோளாறுகள்" அங்கே தொடங்கியவைதான். அலாரம் அடிக்கிறது என்று பம்ப்மேன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஓடுவார். போகட்டும், ஆனால் நீங்கள் முதலில் 17ஆம் அத்தியாயத்தில் அந்தச் சரக்கின் வரியை 'ஏ' முதல் 'ஓ' வரை விரல் வைத்துப் படியுங்கள். இரும்பில் பழுதா, காகிதத்துக்கும் இரும்புக்கும் இடையே உள்ள பொருத்தத்தில் பழுதா என்பது அங்கேயே பாதி தெரிந்துவிடும்.

கீழே உள்ளவை கப்பலில் எதிர்ப்படும் அறிகுறிகளை வைத்து எழுதியவை. புதிதாகக் கெமிக்கல் டேங்கருக்கு வரும் செகண்ட் ஆபீசரையும், பழைய கப்பலைப் பொறுப்பேற்கும் சீஃப் ஆபீசரையும் மனதில் வைத்திருக்கிறேன்.

அறிகுறி: ஷிப்பர் அனுப்பிய பெயர் சிஓஎஃப் பட்டியலில் இல்லை

பதற வேண்டாம். பெரும்பாலும் பெயர்தான் வேறு, சரக்கு அதேதான். ஷிப்பர் வியாபாரப் பெயரையோ வழக்குப் பெயரையோ எழுதியிருப்பார். 19ஆம் அத்தியாயம் இதற்காகவே உள்ள பெயர் அகராதி. கார்பாலிக் ஆசிட் என்று வந்தால் அது பினால் என்று சொல்லும், வினைல் சயனைடு என்று வந்தால் அக்ரிலோநைட்ரில் என்று சொல்லும். கப்பல் ஆவணத்தில் இருக்க வேண்டியது 17 அல்லது 18ஆம் அத்தியாயத்தில் உள்ள பெயர். ஷிப்பரிடம் திருத்தி வாங்குங்கள். நீங்களாகப் பேனாவால் அடித்து எழுதாதீர்கள்.

அங்கும் இல்லையென்றால் ஐஎம்ஓ (சர்வதேச கடல்சார் அமைப்பு) வெளியிடும் எம்ஈபிசி.2 சுற்றறிக்கையைப் பாருங்கள். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பரில் புதிய பதிப்பு வரும். தற்காலிகமாக மதிப்பிடப்பட்ட சரக்குகள், கலவைகள் எல்லாம் அதில்தான். சிசிஆர் (சரக்குக் கட்டுப்பாட்டு அறை) கம்ப்யூட்டரில் மூன்று வருஷத்துக்கு முந்தைய பிடிஎஃப் கிடப்பதை நிறையக் கப்பல்களில் பார்த்திருக்கிறேன். இது சும்மா ஒழுங்குக்காகச் சொல்வதல்ல. மதிப்பீடு முடியாத புதுச் சரக்குக்கு ஏற்றும் நாடு, இறக்கும் நாடு, கொடி நாடு ஆகிய மூன்றும் செய்துகொள்ளும் முத்தரப்பு ஒப்பந்தம் மூன்று வருஷத்துக்குத்தான் செல்லும். பழைய பதிப்பில் உள்ள பெயர் இன்று காலாவதியாகியிருக்கலாம்.

அறிகுறி: பலமுறை ஏற்றிய சரக்குதான், இப்போது முடியாது என்கிறார்கள்

புதிய விதியின் சாரமே இதுதான். சரக்கின் ஆவியை மூச்சில் இழுத்தால் எவ்வளவு நச்சு என்ற அளவுகோலை 21ஆம் அத்தியாயத்தில் திருத்தியபோது, "எரியும், அவ்வளவுதான்" என்று நாம் நினைத்திருந்த பல சரக்குகள் நச்சுப் பட்டியலுக்கு நகர்ந்தன. எந்த ஆவியைக் கண்டறிய வேண்டும் என்று சொல்லும் 'கே' வரிசையில் 'எஃப்' (எரியும்) மட்டும் இருந்த இடத்தில் 'டி'யும் (நச்சு) சேர்ந்தது. சிறப்பு விதிகளைக் காட்டும் 'ஓ' வரிசையில், நச்சுச் சரக்குக்கான 15.12 பிரிவு வந்து உட்கார்ந்தது.

15.12 முழுதாக வந்திருக்கிறதா, 15.12.3, 15.12.4 என்று துண்டாக வந்திருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல. துண்டாக வந்தால் வென்ட் உயரக் கணக்கு உங்களுக்கு இல்லை, ஆனால் பைப்பைப் பிரிப்பதும் ரிலீஃப் வால்வு அழுத்தமும் உண்டு. முழுதாக வந்தால் டேப்பை எடுத்துக்கொண்டு டெக்குக்குப் போங்கள்.

அளக்க வேண்டியவை இவை. வென்ட் வாய் டெக்கிலிருந்து கப்பல் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அல்லது 6 மீட்டர், இரண்டில் எது அதிகமோ அந்த உயரத்தில் இருக்க வேண்டும். அகலம் 24 மீட்டர் என்றால் 8 மீட்டர். வென்ட் நடைபாதைக்கு 6 மீட்டருக்குள் இருந்தால், நடைபாதையிலிருந்தும் 6 மீட்டர் உயரம் வேண்டும். குடியிருப்புப் பகுதியின் எந்தத் திறப்பிலிருந்தும், எந்தக் காற்று உறிஞ்சும் வாயிலிருந்தும் 15 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். 8 மீட்டர் கம்பம் எங்கள் கப்பலில் இல்லையே என்பீர்கள். பெரும்பாலான கப்பல்களில் இல்லைதான். நொடிக்கு குறைந்தது 30 மீட்டர் வேகத்தில் ஆவியை நேர் மேலே பீய்ச்சும் ஹை வெலாசிட்டி வால்வு இருந்தால் உயரம் 3 மீட்டருக்கு இறங்கலாம். ஆனால் அந்த வால்வுக்கு டைப் அப்ரூவல் சான்று கையில் இருக்க வேண்டும். வால்வு இருக்கும், சான்று இருக்காது. சர்வேயர் முன்னால் அது வால்வே இல்லாததற்குச் சமம்.

15 மீட்டர் விஷயத்தில் ஒருமுறை நானே மாட்டிக்கொண்டேன். கடைசி டேங்கின் வென்ட்டிலிருந்து அக்கமடேஷன் முகப்பு வரை அளந்தேன், 17 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். நிம்மதியாக எழுதிவைத்தேன். அடுத்த துறைமுகத்தில் வந்த சர்வேயர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அது என்ன?" என்றார். முந்தைய டிரை டாக்கில் சிசிஆருக்குத் தனியாக ஓர் ஏசி மாட்டியிருந்தார்கள். அதன் உறிஞ்சு வாய் முகப்பிலிருந்து ஒரு தாங்கியில் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. டேப்பை வைத்தால் 14 மீட்டர் 20 சென்டிமீட்டர். வரைபடத்தில் அந்த ஏசியே கிடையாது. அதனால்தான் சொல்கிறேன், வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள், இரும்பில் அளங்கள்.

அடுத்தது 15.12.4. நச்சுச் சரக்கு இருக்கும் டேங்கின் ரிலீஃப் வால்வு 0.2 பாருக்குக் குறையாமல் திறக்க வேண்டும். பழைய கப்பல்களில் 0.14 பாருக்கு வைத்த பிவி (அழுத்த-வெற்றிட) வால்வுகள் இருக்கும். உள்ளே இருக்கும் எடைத் தகட்டை மாற்றினால் போதும் என்று ஒர்க்ஷாப்காரர் சொல்வார். எடையை மாற்றுவது ஐந்து நிமிட வேலை, ஆனால் டேங்கின் கூரைத் தகடு அந்தக் கூடுதல் அழுத்தத்தைத் தாங்குமா என்பதைக் கப்பலுக்குச் சான்று தரும் கிளாஸ் நிறுவனம்தான் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். அந்தக் கடிதம் வரும்வரை ஸ்பேனர் பெட்டியிலேயே இருக்கட்டும்.

'இ' வரிசையையும் ஒருமுறை பாருங்கள். சரக்குக்கு வேண்டிய கப்பல் வகை டைப் 3-லிருந்து, கூடுதல் பாதுகாப்பு கேட்கும் டைப் 2-க்கு ஏறியிருந்தால், டேங்க் வெளித் தகட்டிலிருந்து குறைந்தது 760 மில்லிமீட்டர் உள்ளே இருக்க வேண்டும், ஒரு டேங்கில் 3,000 கனமீட்டருக்கு மேல் ஏற்றக் கூடாது. இரட்டை உடல் கப்பலுக்கு முதலாவது சிரமமில்லை. இரண்டாவது, பெரிய நடு டேங்க் உள்ள கப்பல்களைக் கடிக்கும்.

அறிகுறி: வேப்பர் ரிட்டர்ன் திறந்தும் லோடிங்கில் டேங்க் அழுத்தம் ஏறுகிறது

15.12 முழுதாக வந்த நச்சுச் சரக்கு என்றாகிவிட்டால் ஆவியைக் கரைக்குத் திருப்பி அனுப்பும் இணைப்பு கட்டாயம். வருஷக்கணக்கில் தொடாத வேப்பர் லைனை இப்போது தூசி தட்டுகிறோம், அதனால் இந்தத் தொல்லை.

லோடிங் ரேட்டைக் குறையுங்கள், முதல் வேலை அது. அப்புறம் வேப்பர் லைனின் தாழ்ந்த இடங்களில் உள்ள டிரெயினைத் திறந்து பாருங்கள். குளிர்ந்து திரவமாகிய சரக்கோ, போன டேங்க் கிளீனிங்கின் தண்ணீரோ அங்கே தேங்கி வழியை அடைத்திருக்கும். எனக்குத் தெரிந்து பத்தில் ஏழு முறை இதுதான். இல்லையென்றால் மேனிஃபோல்டில் (கரை ஹோஸ் மாட்டும் இடம்) பிளாங்க் (மூடித் தகடு) கழற்றாமல் இருக்கிறதா, டேங்கின் தனி வேப்பர் வால்வு உண்மையில் திறந்திருக்கிறதா, தீத்தடுப்பு வலை அடைத்திருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். கரைப் பக்க வால்வைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். "திறந்துவிட்டோம்" என்று ரேடியோவில் சொல்லும் ஆள் பல நேரம் அந்த வால்வுக்குப் பக்கத்தில் நிற்பதில்லை.

ஹோஸே மாட்டவில்லை என்றால் ஒரு கணம் நில்லுங்கள். வேப்பர் மேனிஃபோல்டின் கடைசி ஒரு மீட்டர் சிவப்பு, மஞ்சள், சிவப்பு என்று பட்டை அடித்திருக்கும். ஃபிளாஞ்சில் 12 மணி திசையில் ஒரு சிறு முளை நீட்டிக்கொண்டிருக்கும். திரவ ஹோஸைத் தவறி அங்கே மாட்டிவிடக் கூடாது என்பதற்காக வைத்த முளை அது. வேப்பர் ஹோஸின் ஃபிளாஞ்சில் அதற்கான துளை உண்டு. துளை இல்லாத ஹோஸைக் கொண்டுவந்து, முளையை அறுத்துவிடலாமா என்று கேட்ட போசனை எனக்குத் தெரியும்.

அறிகுறி: டிடெக்டர் பூஜ்யம் காட்டுகிறது, ஆனால் மூக்கு வேறு சொல்கிறது

மூக்கை நம்பி உள்ளே போகாதீர்கள். மூக்கு எச்சரித்தால் மட்டும் நம்புங்கள்.

எரிவாயு மீட்டர் என்றால்: காற்றில் தீப்பிடிக்கும் கீழ் எல்லையை வைத்து அளக்கும் சாதாரண எல்ஈஎல் மீட்டரின் உள்ளே உள்ள கேட்டலிட்டிக் சென்சார் வாயுவை எரித்துத்தான் அளக்கிறது. எரிக்க ஆக்ஸிஜன் வேண்டும். நைட்ரஜன் நிரப்பிய டேங்கில் அதைத் தொங்கவிட்டால் டேங்க் முழுக்கச் சரக்கின் ஆவி இருந்தாலும் பூஜ்யம் காட்டும். இனர்ட் டேங்குக்கு வால்யூம் விழுக்காட்டில் அளக்கும் டேங்க்ஸ்கோப் அல்லது இன்ஃப்ராரெட் கருவிதான். 2016 ஜனவரி 1-க்குப் பின் கட்டிய 8,000 டிடபிள்யூடிக்கு (சுமக்கும் எடை, டன்னில்) மேற்பட்ட கெமிக்கல் டேங்கர்களுக்கு இனர்ட் கேஸ் (நைட்ரஜன் போல எரிய விடாத வாயு) கட்டாயமானதும், பழைய கப்பல்களிலிருந்து வந்தவர்கள் இந்தத் தவறைச் செய்வது அதிகமானது.

நச்சு டியூப் (நச்சு வாயுவை நிறமாற்றத்தால் காட்டும் கண்ணாடிக் குழல்) என்றால்: டியூபில் எழுதிய காலாவதி மாதத்தைப் பாருங்கள். பாயிலர் சுவர் பக்கத்து லாக்கரில் வெந்துகொண்டிருந்த டியூபுக்கு அந்த மாதமும் நம்பிக்கையில்லை. அடுத்து பம்ப். முனை உடைக்காத டியூபைப் பம்பில் செருகி, பெல்லோஸை முழுதாக அமுக்கி விட்டுவிடுங்கள். அது அப்படியே சுருங்கிக் கிடக்க வேண்டும். கண்முன்னே ஊதினால் பம்பு கசிகிறது, அந்த அளவெல்லாம் பொய். பிறகு ஸ்ட்ரோக் எண்ணிக்கை. டியூபுக்கு டியூப் அது மாறும், பெட்டிக்குள் உள்ள தாளைப் படிக்க வேண்டும்.

சில சரக்குகளுக்கு டியூபே கிடைக்காது. அப்போது கொடி நாடு விலக்கு தரலாம். அந்த விலக்கு சிஓஎஃப்-இல் எழுதப்பட்டிருக்க வேண்டும், கூடுதல் சுவாசக் காற்றுக்கும் ஏற்பாடு வேண்டும். "ஆபீஸில் சொல்லியிருக்கிறார்கள்" என்பது விலக்கு ஆகாது.

'ஓ' வரிசையில் 15.15 வந்திருந்தால் அது 2021இல் வந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு விதி. அந்த வாயு உருவாகக்கூடிய சரக்குக்கு அதற்கான டிடெக்டர் கப்பலில் இருக்க வேண்டும். கரையில் ஸ்கேவஞ்சர் மருந்து கலந்துவிட்டோம் என்பார்கள். அது முழுதாக வேலை செய்யும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று கோடே சொல்கிறது.

அறிகுறி: நடுக்கடலில் ஸ்டைரீன் டேங்கின் வெப்பநிலை காரணமில்லாமல் ஏறுகிறது

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். மற்றவற்றில் தவறினால் டிடென்ஷன் (கப்பலைத் தடுத்து வைப்பது) எழுதுவார்கள். இதில் தவறினால் கப்பல் போகும்.

ஸ்டைரீன் தனக்குத்தானே கோத்துக்கொண்டு பிளாஸ்டிக் ஆக விரும்பும் திரவம். கோத்துக்கொள்ளும்போது சூடு வரும், சூடு வந்தால் இன்னும் வேகமாகக் கோக்கும். அதைத் தடுக்க டிபிசி என்ற இன்ஹிபிட்டர் சேர்க்கிறார்கள். டிபிசி வேலை செய்ய ஆக்ஸிஜன் வேண்டும். இங்கேதான் புதிய விதியும் பழைய பழக்கமும் மோதுகின்றன. இனர்ட் கேஸ் கட்டாயமான புதுக் கப்பலில், "எரியும் சரக்கு, நைட்ரஜன் போடு" என்று கை தானாகப் போகும். போட்டால் இன்ஹிபிட்டருக்கு மூச்சு நின்றுவிடும். 15.13.5 சொல்வது தெளிவு: ஆக்ஸிஜன் சார்ந்த இன்ஹிபிட்டர் உள்ள சரக்குக்கு லோடிங்குக்கு முன்போ பயணத்திலோ இனர்ட் கேஸ் கூடாது. டிஸ்சார்ஜ் தொடங்கும் முன் போட வேண்டும். பழைய கப்பலில் 3,000 கனமீட்டருக்கு மேற்படாத டேங்கில் இனர்ட் இல்லாமலே கொண்டுபோகலாம்.

வெப்பநிலை ஏறினால் பார்க்க வேண்டிய முதல் தாள் இன்ஹிபிட்டர் சான்றிதழ். என்ன மருந்து, எவ்வளவு, ஆக்ஸிஜன் சார்ந்ததா, எந்தத் தேதியில் சேர்த்தார்கள், எத்தனை நாளைக்குத் தாங்கும், எந்த வெப்பநிலை வரை, பயணம் அதைத் தாண்டினால் என்ன செய்வது என்று இத்தனையும் அதில் இருக்க வேண்டும். தாங்கும் நாள் கணக்கு ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையை வைத்துப் போட்டது. சரக்கு அதைவிடச் சூடானால் அந்த நாள் கணக்கை மறந்துவிடுங்கள். சான்றிதழ் ஃபைலில் பத்திரமாக இருக்கும், டேங்கில் டிபிசி தீர்ந்திருக்கும்.

இரண்டாவது, பக்கத்து டேங்குகள். 16.6.1 கேட்பது, சூடான சரக்கிலிருந்து போதுமான பிரிவு. 16.6.2 கேட்பது, இந்த டேங்கின் ஹீட்டிங் காயிலுக்கு பிளாங்க். காயிலை எல்லாரும் மூடுவார்கள். பக்கத்துச் சுவரை மறப்பார்கள். அடுத்த டேங்கில் பாம் ஸ்டியரினை இறக்குவதற்காக 60 டிகிரிக்கு மேல் சூடாக்கிக்கொண்டே வந்தால், நடுவில் இருப்பது ஓர் இரும்புத் தகடுதான். மூலைக்கு மூலை தொடும் டேங்கையும் கணக்கில் எடுங்கள். பக்கத்து டேங்கை வெந்நீரில் கழுவுவதும் சூடாக்குவதுதான்.

2019 செப்டம்பர் 28 அன்று தென்கொரியாவின் உல்சானில் ஸ்டோல்ட் குரோன்லாண்ட் கப்பல் வெடித்துத் தீப்பிடித்தது இந்த வழியில்தான். சூடாக்கிய சரக்குகளின் வெப்பம் ஸ்டைரீன் டேங்குக்குள் இறங்கியது. தீ மேலே இருந்த உல்சான் பாலத்தை எட்டியது. கப்பல் கரை கட்டும் முன்பே வெப்பநிலை எல்லை தாண்டியிருந்தும், சரக்கின் வெப்பநிலையை யாரும் கண்காணிக்காததால் அது தெரியவில்லை என்று பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைக் கிளை எழுதியது. சென்சார் இல்லாததால் அல்ல, பார்க்காததால்.

எனவே ஒவ்வொரு வாட்சிலும் எண்ணை எழுதுங்கள். ஓர் எண்ணைத் தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஒரு வாரத்து எண்களைக் கோடாக வரைந்து பாருங்கள். கடல் நீர் சூடாவதால் ஏறினால் எல்லா டேங்கும் சேர்ந்து மெதுவாக ஏறும். ஒரே டேங்க் மட்டும் ஏறி, கோடு போகப்போக நிமிர்ந்தால் அது வேறு. பக்கத்துச் சூட்டை உடனே நிறுத்துங்கள், டெக்கில் தண்ணீர் ஓடவிடுங்கள், கேப்டன் வழியாக ஷிப்பரிடம் கூடுதல் இன்ஹிபிட்டர் பற்றிக் கேளுங்கள். மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கும் ஆசை வேண்டாம்.

இன்னொன்று. டிபிசி திரவத்தில்தான் இருக்கும், ஆவியோடு மேலே வராது. மேலே போய்க் குளிர்ந்த ஸ்டைரீனுக்குப் பாதுகாப்பே இல்லை, பிவி வால்விலும் வலையிலும் அது இறுகிவிடும். பலாப்பழம் அறுத்த கத்தியில் காய்ந்த பால் மாதிரி மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருக்கும். வால்வின் சோதனை நெம்புகோலைத் தூக்கிப் பாருங்கள். தளர்வாகத் தூக்கி, விட்டதும் "டக்" என்று உட்கார வேண்டும். இழுத்துக்கொண்டு வந்தாலோ, மெதுவாக இறங்கினாலோ ஒட்ட ஆரம்பித்துவிட்டது என்று பொருள். இப்படிச் சோதிக்கக்கூடிய வால்வுதான் இருக்க வேண்டும் என்பதும் விதிதான்.

அறிகுறி: டேங்க் நிரம்புவதை எச்சரிக்கும் 95, 98 விழுக்காட்டு அலாரங்கள் ஒரே நேரத்தில் அலறுகின்றன

ஒன்று, டேங்க் உண்மையில் நிரம்புகிறது. லோடிங்கை நிறுத்துங்கள், விவாதம் அப்புறம். நிறுத்திய பின் ரேடார் உல்லேஜை (சரக்குக்கு மேல் உள்ள காலி இடத்தின் அளவு) பார்த்தால் 90 விழுக்காடுதான் என்றால், இரண்டு அலாரமும் எங்கோ ஒன்றைப் பகிர்ந்துகொள்கின்றன. 15.19 இரண்டும் தனித்தனியாக இயங்க வேண்டும் என்கிறது. பழைய கப்பலில் புதிதாக ஓவர்ஃபில் அலாரம் சேர்த்தபோது ஒரே கேபிளிலோ ஒரே பவர் சப்ளையிலோ இழுத்திருப்பார்கள். அங்கே தேடுங்கள்.

அறிகுறி: வடக்கு ஐரோப்பாவில் சமையல் எண்ணெய்க்குப் போய் பிரீவாஷ் கேட்கிறார்கள்

பிரீவாஷ் என்றால், இறக்கிய துறைமுகத்திலேயே டேங்கை முதல் கழுவல் கழுவுவது. கேட்பது சரிதான். கரையில் கட்டி கட்டியாக ஒதுங்கிய பாரஃபின் மெழுகாலும் எண்ணெய்களாலும் வந்த விதி இது. 2021 முதல், நீரில் மிதந்து கரையாமல் கிடக்கும் 'ஒய்' மாசு வகைச் சரக்குகளில் 'ஓ' வரிசையில் 16.2.7 உள்ளவற்றை வடமேற்கு ஐரோப்பிய நீர்ப்பரப்பு, பால்டிக், மேற்கு ஐரோப்பிய நீர்ப்பரப்பு, நார்வே கடல் ஆகியவற்றில் இறக்கினால் பிரீவாஷ் செய்து, கழுவிய நீரைக் கரையிலேயே கொடுத்துவிட வேண்டும். பி அண்ட் ஏ மேனுவலில் (சரக்கு இறக்குவது, டேங்க் கழுவுவது பற்றிய கப்பலின் கையேடு) அதற்கான பக்கங்கள் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கழுவிய நீரை வாங்கக் கரையில் எங்கே, எப்போது இடம் என்று ஏஜென்டிடம் வருவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். கரை கட்டிய பின் கேட்டால் பில் வேறு மாதிரி வரும்.

அறிகுறி: நைட்ரஜன் ஜெனரேட்டரில் ஆக்ஸிஜன் 5 விழுக்காட்டைத் தாண்டுகிறது

ஓட்டத்தைக் குறைத்துப் பாருங்கள். தூய்மை திரும்பினால் மெம்பிரேன் (காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரிக்கும் சவ்வு) நல்லது, நீங்கள் அதனிடம் அதிகம் கேட்கிறீர்கள். குறைத்தும் திரும்பவில்லை என்றால் அதற்கு முன்னால் உள்ள ஃபில்டரைத் திறங்கள். கம்ப்ரசர் எண்ணெய் அதைத் தாண்டிப் போயிருந்தால் மெம்பிரேன் போனதுதான். அனலைசரையும் மறக்காதீர்கள். பழுது சில நேரம் அளப்பவனிடம்தான்.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனாலும் சர்வேயர் தப்பிக்கும் மூச்சுக் கருவியை எண்ணிக்கொண்டிருக்கிறார்

'என்' வரிசையில் "ஆம்" என்று உள்ள சரக்கு இருந்தால் கப்பலில் உள்ள ஒவ்வொருவருக்கும் மூச்சுக்கும் கண்ணுக்கும் அவசரப் பாதுகாப்பு வேண்டும். ஃபில்டர் வகை முகமூடி செல்லாது. தானே காற்று வைத்திருக்கும், வழக்கமாக 15 நிமிடமாவது தாங்கும் கருவி வேண்டும். அதைத் தீயணைக்கவோ சரக்கு வேலைக்கோ எடுக்கக் கூடாது, அப்படி அதன் மேலேயே எழுதியிருக்க வேண்டும். சிஓஎஃப்-இல் புதிய சரக்குகள் சேர்ந்தபோது கருவி எண்ணிக்கை சேரவில்லை என்பது ஒரு தவறு. இன்னொன்று இன்னும் எளிது: மாலுமிகள் 22 பேர், கருவி 22. சரிதானே? பயிற்சிக்கு ஏறிய கேடட் இருவர், ஆபீஸிலிருந்து வந்து கடலோடும் சூப்பரின்டென்டென்ட் ஒருவர். மூன்று குறைகிறது. லோடிங்குக்கு முந்தைய நாள் முஸ்டர் லிஸ்டை (கப்பலில் உள்ளோரின் அவசரகாலப் பட்டியல்) கையில் வைத்துக்கொண்டு கேபின் கேபினாக எண்ணிவிடுங்கள்.